ஐஸ் மண்டபத்து ஆனந்தராஜா

டென்மார்க்கில், எஸ்பியர்க் தமிழர்களுக்குள் ஆனந்தராஜாக்கள் நாலு பேர். 'ஐஸ் ஆனந்தராஜா' என்றால் ஒருவர்தான். துறைமுகத்துக்குக் கிட்ட நிற்கும் பெரிய மண்டபத்தில் அவருக்குப் பதினாறு வருட வேலை. ஒரு கிழமை அங்கே கண்காட்சி, மறு கிழமை பாட்டுக் கச்சேரி. மற்ற நாளெல்லாம் பல்கலைக்கழக மாணவர்களின் ஹாக்கி அணி. பெடியள் கீறிக் கிழித்துவிட்டுப் போகும் ஐஸை, பெரிய மெசினில் ஏறி வட்டமடித்து, சுடுதண்ணி விட்டுக் கண்ணாடியாக்குவது இவர் பாடு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த மனுசன், இங்கே வரும்வரை ஐஸ்பழத்தைத் தவிர வேறு ஐஸ் கண்டதில்லை. ஆனாலும் இந்த வேலையில் ஒருவரிடமும் ஒரு குறைச்சொல் கேட்டதில்லை.

2009 மே பதினாலு, வியாழக்கிழமை. மாணவர் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். இடைவேளையில் போன் அடித்தது. வன்னியில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பேதுரு, வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ போனில் கதைத்தார்.

"அருமைநாயகி அக்கா இல்லையண்ணை. செல் விழுந்து வெடிச்சது. நாங்கள்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்."

"ஓம்" என்றார் ஆனந்தராஜா. போனைச் சட்டைப் பையில் போட்டார். மெசினில் ஏறினார். அன்றைக்கு ஐஸ் அப்படி மினுங்கியது. பயிற்சியாளர் தூர நின்று கையைத் தூக்கிக் காட்டினார். ஆனந்தராஜா அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி சுசீலாதேவி கதவடியிலேயே கேட்டார்: "போன் ஏதும் வந்ததோ?"

"இல்லை" என்று வாய் சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது மறைக்கத் தெரிந்து மறைக்கிறான். இவருக்கு மறைக்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லை. மச்சாள் தப்பி வரவேண்டும் என்று சுசீலாதேவி தை மாதத்திலிருந்து வெள்ளிதோறும் விரதம். அடுத்த நாளும் பச்சைத்தண்ணியோடு இருந்தார். அவருக்கு முன்னாலிருந்து இவர் சோறும் முருங்கைக்காய்க் கறியும் சாப்பிட்டார். சொல்லத்தான் வேண்டும், சாப்பிட்டார்.

திங்கட்கிழமை சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். வருகிற சனிக்கிழமை அதே மண்டபத்தில் நினைவேந்தல், உறவுகளை இழந்தவர்கள் படம் கொண்டு வாருங்கள் என்று தமிழ்ச் சங்கம் அறிவித்தது. மண்டபப் பொறுப்பாளர் நீக்கிலாஸ், குளிரூட்டியை அன்றே நிறுத்தச் சொன்னார். ஐஸ் கரைந்து தரை காய ஐந்து நாள் வேண்டும். ஆனந்தராஜா மெசின் அறைக்குப் போனார், சுவிட்சுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், திரும்பி வந்துவிட்டார். ஐஸ் கிடந்தால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் படம் வைக்கத் தேவையில்லை. படம் வைக்காதவரை அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது வயது மனுசனின் கணக்கு அது.

வியாழக்கிழமை நீக்கிலாஸ் வந்து பார்த்தார். "ஐஸ் அப்படியே கிடக்கிறதே, ஆனந்த்?"

"மறந்துபோனேன்" என்றார் இவர், டேனிஷில்.

பதினாறு வருடத்தில் முதல் பிழை. நீக்கிலாஸ் ஏசவில்லை, தோளில் தட்டினார். ஐஸுக்கு மேலே பலகை அடுக்கச் சொன்னார். கூட்டம் நின்றுபோகவில்லை.

எங்கள் சனம் நினைவு விளக்குக்கு முன்னால் செருப்போடு நிற்காது என்பது நீக்கிலாசுக்குத் தெரியாது. ஆனந்தராஜாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை முந்நூறு பேர் பலகை விளிம்பில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்கள். பலகைக்குள்ளால் குளிர் ஏறியது. வயதானவர்கள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் நின்றார்கள். பிள்ளைகள் குளிருது என்று டேனிஷில் சிணுங்கினார்கள். ஒருவரும் போகவில்லை.

ஆனந்தராஜா வேலைச் சப்பாத்தோடு ஓரத்தில் நின்றார். வேலையாள் என்பதால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் சுசீலாதேவியைக் கண்டார். வெறுங்கால். படம் கொண்டு வரவில்லை. மற்றவர்களின் துக்கத்துக்கு வந்தவர். முந்தினநாள் விரதம் இருந்த உடம்பு நடுங்கியது.

ஆனந்தராஜா, விளையாட்டுக்காரர் குந்தியிருக்கும் நீள வாங்குகளின் அடியில் கிடந்த கறுப்பு றப்பர் விரிப்புகளை இழுத்து வந்து, ஒரு பக்கமிருந்து ஆட்களின் காலடியில் விரிக்கத் தொடங்கினார். மனைவியிடம் வந்தார்.

"இதிலை ஏறி நில்லும்."

"இண்டைக்கெண்டு பாத்து ஏனப்பா இந்தக் குளிர்?"

ஆனந்தராஜா குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பேர்சிலிருந்து அக்காவின் படத்தை எடுத்தார். வெறுங்காலோடு போய், படங்களின் வரிசையில் கடைசியில் வைத்துவிட்டு வந்தார்.

சுசீலாதேவி படத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"எப்ப?"

"போன கிழமை. வியாழன் போன் வந்தது."

"அதுக்கடுத்த நாள் வெள்ளி. நேற்றும் வெள்ளி."

"ஓம்."

"நான் விரதம் இருந்தனான்."

"தெரியும்."

சுசீலாதேவி விரிப்பிலிருந்து இறங்கி வெறும் பலகையில் நின்றார். ஆனந்தராஜா பக்கத்தில் நின்றார். முதலில் காலில் ஒன்றுமே தெரியவில்லை. கனநேரத்துக்குப் பிறகு குதிக்கால் வலிக்கத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலமை போய்க் குளிரூட்டியை நிறுத்தினார். தரை காய ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளும் சுசீலாதேவி சமைத்து வைத்தார், கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. சுசீலாதேவி இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, எதிரே இருந்து தானும் சாப்பிட்டார்.