சொன்ன நாளும் பெய்த நாளும்

என் அத்தானிடம் நாளைக்கு மழை வருமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். வானிலை அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கும் நாளைக்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் சொல்லி முடித்த முன்னறிவிப்புகளை வாங்கி, கம்ப்யூட்டர் டேப்பில் ஏற்றிக் காப்பகத்தில் வைப்பதும், கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் அவர் வேலை. பலித்தது, பலிக்காதது என்ற பேதம் அவரிடம் கிடையாது. எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'பழைய மழை'.

தினம் இரண்டு தடவை கணக்குப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அடுத்த பத்து நாளுக்குச் சொல்வார்களாம். ஆகவே எந்த ஒரு நாளைப் பற்றியும் அவரிடம் இருபது முன்னறிவிப்பு இருக்கும். "ஒரே நாளைப் பத்தி இருபது பேச்சு. உங்க வீட்டு ஆளுங்க மாதிரிதான்" என்பார். எங்கள் வீட்டு ஆட்கள் என்றால் நானும் என் அக்காவும்.

கேட்டு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எல்லா வருடமும் எல்லா ஊரும் வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் விண்ணப்பம் போடுவார்கள். அத்தான் போனை எடுத்து, "தம்பி, இதை இறக்கி முடிக்கறதுக்குள்ள நீங்க ரிடையர் ஆயிடுவீங்க. எந்த மாசம், எந்த இடம், அதை மட்டும் சொல்லுங்க" என்பார். இன்னொரு தொல்லையும் உண்டு. காப்பகத்தில் தேதி என்றால் முன்னறிவிப்பைச் சொன்ன தேதி. எந்த நாளைப் பற்றிச் சொன்னார்களோ, அந்தத் தேதி அல்ல. புதிதாக வருகிற அத்தனை பேரும் இதில் கவிழ்வார்கள். சாப்பாட்டு மேஜையில் இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கே மனப்பாடமாகிவிட்டது.

போன மாதம் அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. இடம் போதவில்லை, ஐந்து வருடமாக யாருமே கேட்காத வருடத்தை அழித்துவிடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. தேடிப் பார்த்ததில் அப்படி ஒரே ஒரு வருடம்தான் மாட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் வெளியாள் ஒருவர் ஒரு மாதத்தைக் கேட்டால்கூட வருடம் முழுவதும் தப்பிக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் என் எலக்ட்ரிக் கடையில் வந்து நின்றார்.

"மச்சான், ஒரு விண்ணப்பம் போடேன். பிப்ரவரி மாசம் போதும்."

"எந்த வருஷம்?"

சொன்னார்.

"அக்கா கல்யாண வருஷமாச்சே. அக்காவையே போடச் சொல்லுங்களேன்."

"அவ மட்டும் வேண்டாம்" என்றார். முகம் வெளிறிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். இந்தச் சம்பந்தத்தில் எங்கள் அப்பாவுக்கு அரை மனசுதான். விருந்தோ கூரையில்லாத மைதானத்தில். மழை வருமா என்று மூன்று நாள் முன்னதாக அப்பா கேட்டதற்கு, "வரவே வராது" என்று ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டாத குறையாக அடித்துச் சொன்னவர் அத்தான். கொட்டு கொட்டென்று கொட்டியது. என் புது ஷூ அன்றோடு சரி. இருபத்திரண்டு வருடமாக அக்கா குத்திக்காட்டுவாள். "அன்னிக்கு முன்னறிவிப்பே அப்படித்தான் இருந்துச்சு" என்று அவர் சாதிப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கே அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"கல்யாண நாளுக்கு முன்னறிவிப்பு என்னன்னு எனக்கு வேணும்" என்று அக்கா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்ப விசாரணை' என்று எழுதினாள். தேதிக் கட்டத்தை மட்டும் அத்தான் தானே பூர்த்தி செய்து எடுத்துப் போனார். வருடம் தப்பியது. புதன்கிழமை காகிதத்தோடு வந்தார்.

"பார்த்துக்கோ. பத்து நாளும் நல்ல வெயில்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "மேல போட்டிருக்கற தேதி நம்ம கல்யாணத் தேதி. மழை பெய்ஞ்சு ஓஞ்சப்புறம் சாயங்காலம் போட்ட கணக்கு இது. மூணு நாள் முன்னாடி சொன்னதைக் கொண்டு வாங்க."

ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மனுஷன் வேண்டுமென்றே கவிழ்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த காகிதத்தை அவர் கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். கனமழை என்று போட்டிருந்தது.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றார். "மழைன்னா உங்கப்பா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பார். தள்ளிப் போட்டா மனசு மாறிடுவார்னு பயமா இருந்துச்சு."

அக்கா காகிதத்தை நாலாக மடித்தாள்.

"எனக்கும் தெரியும். அப்பா உங்ககிட்ட கேட்ட அன்னிக்குக் காலையில பேப்பர்லயே போட்டிருந்தான். அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள அந்தப் பக்கத்தைக் கிழிச்சு பீரோவுக்கு அடியில தள்ளினதே நான்தான்."

அத்தான் திரும்பினார். "அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா என்னைக் குத்திக்காட்டினே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள் அக்கா.