காதர் அண்ணன் கடைச் சுவரில் சாமி நின்ற இடம்

கிழிப்பதற்கும் ஒட்டுவதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை நான் அறிந்தது ஓர் ஐப்பசி மழைக்காலத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவின் ஈப்போவில், சோறும் குழம்பும் விற்கும் காதர் அண்ணனின் நாசி கண்டார் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த இத்தாலிய ஓவியர், மொழிபெயர்க்கவும் பசை காய்ச்சவும் ஆள் தேடினார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையை விட்டிருந்த சமயம். தூரிகையை அவர் தொடுவதில்லை. பழைய காகிதங்களை ஒட்டியே படம் செய்வார். ஊரார் அவரை இத்தாலி துரை என்றனர்.

காதர் அண்ணன் கடையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். வாடகைக்கு ஈடாகப் புதுச் சுவர் முழுவதும் துரை படம் ஒட்டித் தரவேண்டும். மனித உருவமோ சாமி உருவமோ கூடாது. தை மாதத் திறப்புவிழாவுக்குள் முடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்யவேண்டும். துரை போனால் என் வேலையும் போகும். கலைஞர்களிடம் வேலைபார்த்து அவதிப்பட்டவர்களே, மேற்கொண்டு உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சுவரொட்டி

முதல் வாரமே துரை ஒரு திரையரங்கின் முன்னால் நின்று, மழையில் ஊறிய சுவரொட்டியைப் பட்டை பட்டையாக உரித்தார். நான் குடை பிடித்தேன். அது மறுநாள் வெளியாகவிருந்த படத்தின் சுவரொட்டி என்பதை இருவருமே கவனிக்கவில்லை. வாசல் காவலர் ஓடிவந்தார். இது கலை என்று நான் முறையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்க டீச்சர். படத்த பாத்துட்டு ஜனங்களே கிழிச்சிக் குடுப்பாங்க லா!"

பசை

மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன். துரை சுவரொட்டித் துண்டுகளை அட்டைகளில் ஒட்டிக் காயவைத்தார். பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி வரும் என்றேன். நிறம் கெடும் என்று மறுத்துவிட்டார். காலையில் அட்டைகளை வரிசையாகக் கரப்பான்கள் தின்றிருந்தன. மிஞ்சியது கதாநாயகியின் ஒரு கண் மட்டுமே. காதர் அண்ணன் மாடியேறி வந்து அதை உற்றுப் பார்த்தார். "பாவம் டீச்சர், வெறும் பசையயே தின்னிருக்குங்க. நாளைக்கு கீழ அனுப்புங்க, கொஞ்சம் குழம்பு ஊத்தி விடுறேன்."

காலண்டர்

மார்கழி முடியப் போகிறது, சுவரோ வெறுமையாக இருக்கிறது. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் வீட்டுக்கு வீடு பழைய சாமிக் காலண்டர்கள் தொங்கும். யாரும் அவற்றைக் குப்பையில் போடமாட்டார்கள். அவற்றின் தாமரையும் மேகமும் வேண்டும் என்றார் துரை. போனோம். முஸ்லிம் கடைச் சுவருக்கு என்பதால் உருவம் ஆகாது, மற்றதைக் கொடுத்தால் போதும் என்று பால்மரம் சீவும் பாக்கியத்திடம் சொன்னேன். பெண்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவர்கள் கொண்டுவந்து தந்த காலண்டர் கட்டைப் பிரித்தால் எல்லாம் ஓட்டை. வேல் நுனிகூடச் சேதப்படாதபடி சாமியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்திருந்தார்கள். தாமரை இருந்தது, மேலே நிற்க ஆள் இல்லை. துரை தலையில் கைவைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு ஓர் ஓட்டை வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எண்பதுகளில் இத்தாலி திரும்பிய பின்னும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஓட்டையுள்ள படங்களே. பாக்கியத்துக்கு அன்று அதில் வியப்பேதும் இல்லை: "சாமி எங்களுக்கு, மிச்சம் தொரைக்கு. சரிதானே டீச்சர்?"

திறப்பு

இம்முறை பசையில் மயில்துத்தம் கலந்தேன்; துரையே கிண்டிக் கொடுத்தார். ஓட்டைகளுக்குப் பின்னால் தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளை வைத்தார். திறப்புவிழாவன்று விளக்கைப் போட்டதும் சுவர் மின்னியது. காதர் அண்ணன் ஒவ்வோர் அங்குலமாக ஆராய்ந்து, உருவம் இல்லை என்று திருப்தியடைந்தார். அப்போது பாக்கியமும் லயத்துப் பெண்களும் சாப்பிட வந்தார்கள். "அடியே, எங்க வீட்டு முருகன் நின்ன எடம்!" என்று பாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளித்தாளைக் கும்பிட்டாள். மற்றவர்களும் அவரவர் ஓட்டையைத் தேடிக் கைகூப்பினார்கள்.

நான் காதர் அண்ணனின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. மாடி போயிற்று என்றே நினைத்தேன். அவர் கரண்டியும் கையுமாக வந்து, சுவரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கும்பிடுங்கக்கா, ஒண்ணுமில்லாத எடத்த கும்பிட்டா நான் என்ன சொல்ல? தேங்கா மட்டும் இங்க ஒடச்சிறாதீங்க, இப்பதான் தரைய மொழுகியிருக்கு!"

அந்தத் தை முதல் காதர் அண்ணன் மாடி வாடகை கேட்கவில்லை, துரை என் சம்பளத்தைச் சித்திரையில் தந்தார், சாமியை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்த பெண்கள் மட்டும் மீன்தலைக் குழம்புக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுத்தார்கள்.