விரியாத கண்மணி

என் தம்பியைப் பட்டறையில் எல்லோரும் ‘டார்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றை விளக்காம். செயற்கைக் கண் செய்து பிழைக்கிற இடத்தில், ஒரு கண் இல்லாதவனுக்கு இப்படிப் பெயர் வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் அவன் வாயில் மண்ணள்ளிப் போட்டிருப்பேன். தம்பிக்கோ ரோஷமே கிடையாது. அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பியே பார்ப்பான். சின்ன வயதில் கவண் கல் பட்டு இடது கண் போனது.

அவனுக்குக் கணினியில் வேலை. வருகிறவரின் நல்ல கண்ணைப் படமெடுத்து உள்ளே போட்டால், மென்பொருள் நிறங்களைப் படித்து ஒரு வட்டம் வரைந்து தந்துவிடும். நடுவே கறுப்புக் கண்மணி, அதைச் சுற்றித் தேன் நிறம், அது அப்படியே பழுப்பாகப் படர்ந்து விளிம்பில் இருண்டு முடியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம். முன்பெல்லாம் வளையம் வளையமாக அவனே நிறம் கொடுப்பான். ஒரு கண்ணுக்கு ஒரு பகல் போய்விடும். இப்போது டீ ஆறுவதற்குள் கண் தயார். அதை அச்சடித்து, வெட்டி, மேலே பிளாஸ்டிக் வார்த்துப் பளபளப்பாக்குவது மற்றவர்கள் பாடு.

படமெடுப்பதற்குப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். நிஜக் கண்மணி வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். செய்த கண் என்ன செய்தாலும் அப்படியே இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவான அளவு வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே என் தம்பிதான். ஊருக்குத்தான் உபதேசம்.

அவன் ஒரு நர்ஸை விரும்பினான். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். பட்டப்பகலில் பூங்காவில்தான் சந்திப்பு. எப்போதும் அவளை வலப்பக்கம் உட்காரவைப்பான், கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையையே திருப்பிப் பார்ப்பான். அவள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“அவங்க வீட்ல சரின்னு சொல்லட்டும்க்கா. மறுநாளே சொல்லிடறேன்.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற.”

“ஒரே ஒரு நாள்க்கா.”

அவள் வீட்டுக்குப் போவதற்கென்றே புதுக் கண் ஒன்று செய்துகொண்டான். தேன் நிறத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் விழ வேண்டுமாம். அந்த வெறியில் ஜன்னலையும் மறந்தான், கட்டுப்பாட்டையும் மறந்தான். பெரிய விளக்கை முகத்துக்கு நேரே வைத்துப் படமெடுத்தான். சுருங்கிக் கிடந்த கண்மணியை மென்பொருள் அப்படியே வரைந்து கொடுத்தது. அதே விளக்கின் கீழ் கண்ணாடியில் பார்த்தான். இரண்டு கண்ணும் அச்சு அசல். துரைக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் அவள் வீட்டில் பேச்சு நன்றாகத்தான் போயிருக்கிறது. இருட்டிக்கொண்டு வந்தும் பேச்சு சுவாரசியத்தில் யாரும் விளக்குப் போடவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தவள் பார்த்துவிட்டாள். வலது கண்மணி அகல விரிந்திருக்கிறது, இடது ஊசிமுனையாக நிற்கிறது. அவசரப் பிரிவில் இருப்பவளுக்கு அதைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது தலைக்குள் ரத்தக் கசிவு. ஃபோன் விளக்கை அடித்துப் பார்த்தாள். வலது சுருங்கியது. இடது அசையவில்லை.

“தலையில எங்கயாவது அடிபட்டுச்சா? வலிக்குதா?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் தம்பி சொன்னான்: “லேசா வலிக்குது.”

அவன் நாக்கில் இடி விழ. அந்தப் பெண் டாக்சியில் அவன் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதிருக்கிறாள். எனக்கும் ஃபோன் செய்தாள். “மூளையில ரத்தம் கசியுது போலக்கா. சீக்கிரம் வாங்க. பேசிட்டுதான் இருக்காரு, நீங்க பயப்படாதீங்க.” எந்தக் கண் என்று கேட்டேன். இடது என்றாள். சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள், மறுபடி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஸ்கேன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்திருந்தான். பக்கத்து பெஞ்சில், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர், தலையில் ரத்தம் ஊறிய கட்டோடு மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். ஸ்கேனுக்கு அடுத்துப் போக வேண்டியவர் அவர்தான். நர்ஸ்தான் டாக்டரிடம் கெஞ்சி, அவரை இறக்கி உட்காரவைத்துவிட்டு அதே ஸ்ட்ரெச்சரில் என் தம்பியை ஏற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் வேண்டாம் என்பதுபோல் அவன் தலையை ஆட்டினான்.

“அது கண்ணே இல்லம்மா,” என்றேன். “இவன் பட்டறையில செஞ்சது. மூளையில ஒண்ணுமில்ல. இருந்தாத்தானே கசியும்.”

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் களுக்கென்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குனிந்து, அவன் கீழிமையைப் பெருவிரலால் இறக்கிப் பிளாஸ்டிக் விளிம்பைப் பார்த்தாள்.

“எப்போலேருந்து?”

“சின்ன வயசுலேருந்து,” என்றான்.

“கை போனவங்க, கால் போனவங்க, தினமும் பாக்குறேன். ஒரு கண்ணு இல்லேன்னா வேணாம்னு சொல்லியிருப்பேனா நான்?”

அவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். படுபாவி, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தான்.

“அப்போ நம்ம கல்யாணம்…”

அவள் பெஞ்சைப் பார்த்தாள். கொத்தனாரின் தலை சரிந்துகொண்டே போனது. மனைவி கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் அவர் கண் திறக்கவில்லை.

“இறங்குங்க,” என்றாள். “ஸ்ட்ரெச்சர் வேணும்.”