பச்சைச் சீட்டு ஒட்டிய நாற்காலி

பெண்கள் வார்டில் அவளுக்குப் 'பச்சைச்சீட்டு' என்றுதான் பெயர். குளிக்கக் கூட்டிப்போகும் சக்கர நாற்காலியோ, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையோ, ஒருவர் உடம்பில் பட்டது அடுத்தவரிடம் போவதற்குள் அவள் கையில் வந்தாக வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்துத் தண்ணீர் அடித்து, பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டு, துடைத்து, தேதியும் கையெழுத்தும் உள்ள பச்சைச் சீட்டை ஒட்டுவாள். சீட்டு இல்லாததை யாரும் தொடமாட்டார்கள். நடுவில் அவசரப்படுத்தினால் டாக்டர் என்றும் பார்க்காமல் எரிந்து விழுவாள். ஈரக்கையில் பேனா பிடித்தால் மை ஊறிவிடுகிறது என்பது மட்டும் அவளுடைய தீராத புலம்பல். "நீ தொட்டா கிருமி என்ன, எறும்புகூட வீட்டைக் காலி பண்ணிடும்" என்பார் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்டவளுக்கே மூன்றாம் நம்பர் நாற்காலியைக் கண்டால் பயம் வர ஆரம்பித்தது.

முதலில் நான்காம் படுக்கைக்கு வாந்தி, பேதி. பிறகு ஆறு. பிறகு ஒன்பது. மூன்று பேரும் அதில் உட்கார்ந்து குளிக்கப் போனவர்கள். கழுவும் அறையில் அவள் விட்டுப்போன நாற்காலி, அவள் திரும்பி வருவதற்குள் யாராவது ஒருவர் படுக்கையருகே போய் நிற்கும். இரண்டு நாளில் அந்தப் படுக்கைக்காரர் சுருண்டுவிடுவார். அது ஆள் பார்த்து நிற்கிறது என்று வார்டில் கிசுகிசுத்தார்கள். பைத்தியக்காரப் பேச்சு என்று அவள் அதட்டினாள். ஆனாலும் அதைக் கழுவும்போது முதுகைக் காட்டி நிற்கமாட்டாள்.

அந்த வாரம்தான் அவளுடைய சொந்த அக்கா இடுப்பு ஆபரேஷன் முடிந்து பதினோராம் படுக்கைக்கு வந்தாள். இன்னொரு தொற்று வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அம்மா போன பிறகு தன்னை வளர்த்து ஆளாக்கிய அக்கா. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்தில் அன்று மதியம் மூன்றாம் நம்பரைக் கழுவாமலே கழுவும் அறையின் மூலைக்குத் தள்ளி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். சாப்பிட்டு வந்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு. சாப்பாட்டு வரிசையில் நின்று இரண்டு வாய் விழுங்கிவிட்டு, முக்கால் மணி கழித்துத் திரும்பினால் மூலை காலி.

வார்டுக்கு ஓடினாள். பதினோராம் படுக்கையருகே நின்றது அது, சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு. கைப்பிடியில் பச்சைச் சீட்டு. இன்றைய தேதி. அவளுடைய கையெழுத்து.

கழுவாத நாற்காலியில் தன் கையெழுத்து எப்படி வந்தது? கடைசி எழுத்தின் கீழே அவள் எப்போதும் இழுக்கும் கோடுவரை அப்படியே இருந்தது. தன்னை அறியாமல் தானே எழுதினோமா என்று ஒரு கணம் தன்மேலேயே பயம் வந்தது. இருக்கையைத் தூக்கினாள். உள் தையல் பிரிந்து, பஞ்சு கறுத்து ஊறியிருந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது.

அப்போதுதான் கழுவும் அறைக் கதவின் ஆணி ஞாபகம் வந்தது. மை ஊறுகிறதே என்று காலையிலேயே, கை காய்ந்திருக்கும்போது, இருபது சீட்டுகளில் தேதியும் கையெழுத்தும் போட்டு அந்த ஆணியில் குத்திவைப்பாள். ஒரு வருஷமாக அதுதான் வழக்கம். அவசரத்தில் யாரோ ஒன்றைக் கிழித்து ஒட்டி நாற்காலியை உருட்டிப் போயிருக்கிறார்கள். இன்று மட்டுமா? நான்குக்கும் ஆறுக்கும் ஒன்பதுக்கும் அப்படித்தானே போயிருக்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பேயாக இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

அக்கா ஈரத்தலையோடு சிரித்தாள். "குளிச்சதும் தெம்பா இருக்குடி. அந்த நாற்காலியில உட்காராதீங்கன்னு பக்கத்துப் படுக்கையம்மா சொன்னாங்க. என் தங்கச்சி கையெழுத்து இருக்கு, அப்புறம் என்ன பயம்னு கேட்டேன்."

அவள் ஆணியிலிருந்த சீட்டுக்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் நர்ஸின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியை எரிக்கக் கொண்டுபோனார்கள். அக்காவின் கட்டிலை விட்டு அவள் நகரவில்லை.

இரண்டாம் நாள் காலை அக்கா கண் விழித்து, வயிற்றை மெல்லத் தடவினாள். "என்னமோ பண்ணுதுடி. அந்த வாளியைக் கொஞ்சம் எடு."