விரியாத சன்னம்

மூஸ் வேட்டைக்கு எந்தத் தோட்டா நல்லது என்று என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும், கடைசியில் நான் கத்திக்கொண்டும் இருப்பேன். இந்தப் பேச்சு தொடங்கினாலே என் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விடுவார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் வந்து குடியேறிய இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில், இலை உதிரத் தொடங்கினால் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். அவர்களோடு சேர்ந்துதான் நானும் பழகினேன். முதல் வருடம் ஒருவன் தந்த தோட்டாக்களை வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனேன். சின்ன மானுக்கென்று செய்தவை. எடை குறைவு, வேகம் அதிகம். மூஸும் மான் சாதிதான், ஆனால் குதிரையைவிடப் பெரிய மிருகம். நான் சுட்டபோது தோட்டாவிலிருந்து பறந்து தோள் எலும்பில் பட்ட சன்னம் அங்கேயே தூளாகியிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். மிருகம் மூன்று காலில் ஓடியது. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. என் பிழையால் ஒரு உயிர் எங்கேயோ சேற்றில் கிடந்து இழுபட்டுச் செத்திருக்கிறது. இனி என் கண்முன்னால் அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று அன்றைக்கே எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

துவக்கு வாங்குகிறவர்கள் துவக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். அதன் மரம், அதன் குறிபார்க்கும் கண்ணாடி, அதன் பெயர். மிருகத்தைத் தொடுவது துவக்கு அல்ல. தோட்டாவின் நுனியிலிருந்து பறக்கும் அந்தச் சின்னச் சன்னம் மட்டும்தான். அது கனமாக இருக்க வேண்டும், நூற்றெண்பது கிரெயின், பன்னிரண்டு கிராம் அளவு, என்றால் எனக்கு நிம்மதி. மூக்கில் ஈயம் தெரிய வேண்டும். உள்ளே போனதும் அந்த மூக்கு விரிந்து இரண்டு மடங்கு அகலமாக வேண்டும். விரிந்தாலும் செம்பு உறையை விட்டுக் கழலக் கூடாது. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் மிருகம் கொஞ்சத் தூரத்திலேயே விழுந்துவிடும். இராணுவங்கள் பாவிப்பது வேறு. மூக்கு வரைக்கும் செம்பு மூடிய, விரியாத சன்னம். அது ஒரு சின்னத் துளை போட்டுக்கொண்டு மறுபக்கத்தால் போய்விடும். அதை மூஸுக்குப் பாவிக்க இங்கே சட்டமும் விடாது. குறி பழகும் இடத்தில் கடதாசியைச் சுடத்தான் அது.

இதையெல்லாம் என் அண்ணைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்துப் பியர்பொன்ட்ஸில் இருக்கிறார். எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் சண்டை நடந்த காலத்தில் வளர்ந்தவர்கள், தெருவுக்குத் தெரு துவக்கைப் பார்த்தவர்கள், அதனால் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அண்ணையும் வேட்டை வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமம் எடுத்துவிட்டு வந்த அன்றைக்கே தொடங்கிவிட்டார்.

"நாங்கள் பாக்காத துவக்கோ, பிள்ளை?"

"பாத்தனீங்கள். சுடுறவனைப் பாத்தனீங்கள். அது வேறை, இது வேறை."

போன செப்டம்பரில் அவருக்குத் தோட்டா எடுக்க இருவரும் கடைக்குப் போனோம். கேள்வி கேட்டவள் நான். கடைக்காரன் பதில் சொன்னது அண்ணைக்கு. நான் பிரெஞ்சில் எடையைப் பற்றிக் கேட்கிறேன், அவன் அண்ணையின் முகத்தைப் பார்த்து விளக்குகிறான், அண்ணை ஒன்றும் விளங்காமல் "வுய், வுய்" என்று தலையாட்டுகிறார். எனக்குக் காது சுட்டது. "மூஸ் சுட்டது நான், என்னைப் பார்த்துப் பேசு" என்று மேசையில் தட்டினேன். அவன் பயந்தே போனான். கடைசியில் நான் சொன்ன பெட்டிதான் வந்தது. அண்ணை அதிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த ஈய மூக்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்ப வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"போய்ச் சுட்டுப் பழகுங்கோ, அண்ணை. இதே தோட்டாவாலதான். வேறை ஒண்டையும் போட்டுப் பழக வேண்டாம்."

"ஓம், ஓம்."

இரண்டு கிழமைக்குப் பிறகு கேட்டேன். "எல்லாம் பாத்திட்டன்" என்றார். நம்பினேன்.

ஒக்டோபரில், நகரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வடக்கே, ஒரு சதுப்பின் ஓரத்தில் இருவரும் பலகை மறைவுக்குள் உட்கார்ந்திருந்தோம். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். முதல் வெடி அவருக்கு என்று பேசியிருந்தோம். காளை மூஸ் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வந்து, நூறு அடிக்குள், விலா முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. அண்ணை சுட்டார். பட்டது, என் கண்ணால் கண்டேன். மூஸ் ஒருமுறை உடம்பைச் சிலுப்பிவிட்டு நின்றது.

"இன்னொண்டு! அண்ணை, இன்னொண்டு வையுங்கோ!"

அவர் துவக்கைப் பிடித்தபடி இருந்தார். நான் என்னுடையதைத் தூக்குவதற்குள் அது நடந்து, ஓடக்கூட இல்லை, நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

வெளியே போய்ப் பார்த்தேன். இரத்தம் கடுகு கடுகாகத்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்த தோட்டா இப்படிச் செய்யாது. திரும்பி வந்து அவர் கையிலிருந்த துவக்கை வாங்கித் திறந்தேன். அடுத்த தோட்டா துள்ளி இலைமேல் விழுந்தது. மூக்கு வரைக்கும் செம்பு.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மூத்தவர் என்றும் பார்க்கவில்லை.

"நான் வாங்கித் தந்த பெட்டி எங்கை?"

"பைக்குள்ள கிடக்கு. உடைக்கேல்லை. இது குறி பழக வாங்கினது."

"ஏன்? ஏன் உடைக்கேல்லை? என்ன நினைச்சுக்கொண்டு இதைப் போட்டனீங்கள்?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "அந்த ஈயம் உள்ளுக்குப் போய் விரியுமாம். அதை என்ரை கையால போட மனம் வரேல்லை, தங்கச்சி. எனக்குப் பட்டது நேர போய் வெளியால வந்தது. நான் உயிரோட இருக்கிறன்தானே? அதுக்கும் அப்பிடி நல்ல மாதிரிப் போகட்டும் எண்டுதான்."

அவருக்குப் பட்டது எங்கள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்த கதை. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து ஓடிய நாளில் ஒரு சன்னம் அவருடைய தொடைக்குள் புகுந்து மறுபக்கத்தால் போனது. எலும்பில் படவில்லை. கல்யாண வீடுகளில் அதைப் பகிடியாகச் சொல்வார்: "டிக்கெட் எடுக்காமல் ஏறினது, கேட்கிறதுக்கு முதல் இறங்கிப் போட்டுது." எல்லோரும் சிரிப்போம்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்கள் இருக்கிறியள், அண்ணை. அதுதான் பிழை! உது ஆளைச் சாகவிடாது. அந்த மிருகம் சாக வேணும், உடனை சாக வேணும். உங்களுக்குப் பட்டாப் பிறகு எவ்வளவு நேரம் கிடந்தனீங்கள்?"

அவர் குனிந்து இலைமேல் கிடந்த தோட்டாவை எடுத்தார்.

"சொல்லுங்கோ!"

"அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்."

"சுகமாயோ கிடந்தனீங்கள்?"

மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. வெடி பட்ட மிருகத்தை உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்பதால் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

பிறகு தேடத் தொடங்கினோம். இலைக்கு ஒரு பொட்டு, பத்து அடிக்கு ஒரு பொட்டு. முழங்கால் வரை சேறு. நான் முன்னால், அவர் பின்னால். சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் போய், குனிந்து, வட்டம் சுற்றி, மறுபடி பிடித்தோம். முதல் வருடம் தொலைந்த அந்த மூஸ்தான் மனதில் நின்றது. இதையும் விட்டுவிட்டுப் போனால் இனிக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மத்தியானம் ஆகவில்லை. ஓடை ஓரத்தில் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. எழும்பப் பார்த்தது, முன்னங்கால்கள் மட்டும் அசைந்தன. மூக்கிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. எங்களைக் கண்டும் ஓட முடியவில்லை.

நான் துவக்கைத் தூக்கினேன். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லை. நான்."

பையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கிழித்தார். ஈய மூக்கு வைத்த தோட்டா ஒன்றைப் போட்டு, முழங்காலை ஊன்றி, கழுத்து தொடங்கும் இடத்தில் சுட்டார். சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் தலை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு அசைவும் இல்லை.

அண்ணை எழும்பவில்லை. அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கெதியாவோ?" என்றார்.

"ஓம்," என்றேன். என் குரலில் இன்னும் சூடு இருந்தது.

"எனக்குப் பட்ட அண்டைக்கு இரவு முழுக்க நானும் இதைத்தான் கேட்டனான். ஆராவது வந்து திருப்பி ஒருக்காச் சுட்டுவிட்டால் நல்லம் எண்டு. ஒருத்தரும் வரேல்லை, தங்கச்சி."

என் கோபம் தணியவில்லை. அன்றைக்கு அவரைத் தனியே விட்டுவிட்டு ஓடிய எல்லோர்மேலும் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படி ஓடியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணை விழுந்ததைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையை விடாமல் ஓடினேன்.