சிவப்புக் காரும் ஒரு தட்டு வெற்றிலையும்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மைசூரில் பழைய கார்களின் ஊர்வலம் என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் ஒரு சிவப்பு வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடியது. பெட்ரோலும் வெயிலில் காய்ந்த தோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக பானெட்டின் மேல் போய்விட்டது. காவலுக்கு நின்றவன், "அஜ்ஜி, முட்டபேடி!" என்று அதட்டினான். தொடக்கூடாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவன் மேல் அல்ல. அது ஐம்பது வருஷத்துக் கோபம், இன்னும் ஆறவில்லை.

அப்போது மகாராஜா காலம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் கணவருக்குச் சர்க்கார் ஆபீஸில் படம் வரையும் உத்தியோகம், நான் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும், காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு நேர்மாறு. கொள்ளேகாலில் என் அப்பா பஸ்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கொள்ளேகால் அன்று கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, ஆனால் மைசூர் பஸ்களும் அவர் ஷெட்டுக்குத்தான் இருமிக்கொண்டு வரும். தினமும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய், தெருமுனையில் பஸ் திரும்பும்போதே அதற்கு என்ன நோய் என்று சொல்லும் அளவுக்குக் காது பழகிவிட்டது. புகுந்த வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமனார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அரண்மனைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெரிய வீட்டில் இதே மாதிரி ஒரு சிவப்புக் கார் விலைக்கு வந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கி, அந்த வீட்டுப் பிள்ளை ஓட்டிச் சலித்துப்போன வண்டி. முந்நூறு ரூபாய். என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"முந்நூறு ரூபாய்க்கு ஸ்போர்ட்ஸ் கார்! மேல்கூரை கிழிஞ்சிருக்கு, டயர் தேஞ்சிருக்கு, ஒரு லைட் எரியலை. எல்லாம் சில்லறை ரிப்பேர்."

அந்த முந்நூறு ரூபாய் என்னுடையது. மெட்ராஸில் ஒரு வருஷம் தங்கி வாத்தியார் பயிற்சி முடித்தால்தான் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கலாம். அதற்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்த பணம். அதைச் சொன்னேன். "ட்ரெய்னிங் எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் போயேன்" என்றார். கார் மட்டும் ஓடிப்போய்விடுமாம். அந்த நியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை பார்க்கப் போனோம். ஜரிகைத் தலைப்பாகை கட்டிய காரியஸ்தர் ஒருவர் வரவேற்றார். நான் முதலில் பானெட்டைத் தொட்டேன், சுட்டது. குளிர்ந்த எஞ்சின் சுலபத்தில் கிளம்பாது என்று, நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். என் கணவர் ஏறி உட்கார்ந்து முடுக்கினார். கீழேயிருந்து ஒரு கனத்த தட்டல். பிறகு கர்ச்சீப்பைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எல்லாம் தெரிந்தவர் போல எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க, அடியில டொக்கு டொக்குன்னு கேக்குது பாருங்க. பேரிங் போயிருச்சு. தண்ணியில எண்ணெ மெதக்குது, எஞ்சின் விரிசல் உட்டிருக்கும். இது நமக்கு வேண்டாமுங்க."

"ஸ்போர்ட்ஸ் எஞ்சின் அப்படித்தான் சத்தம் போடும். நீ சும்மா இரு."

காரியஸ்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலை போலிருக்கு, ஸார். உள்ளே உட்காரட்டுமே" என்றார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பெண்டாட்டி சொல் போர்ட்டிகோகூட ஏறாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உள்ளே அந்த வீட்டு அம்மாள் அன்பாகத்தான் பேசினாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் பள்ளிக்கூடத்தைப் பற்றியே கேட்டாள். மைசூர் வீடுகளில் எந்தப் பெண்ணும் வெறுங்கையோடு வாசல் தாண்ட மாட்டாள், உங்களுக்குத் தெரியும். நான் கிறிஸ்தவப் பெண் என்று குங்குமத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், ஒரு முழம் மல்லிகை எல்லாம் தட்டில் வைத்து நீட்டினாள். முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வந்தால் அவமரியாதை.

வெளியே வந்தேனோ இல்லையோ, காரியஸ்தர் முகம் மலர்ந்தது.

"அம்மா தாம்பூலம் வாங்கியாச்சு! இனிமே பேச்சு மாறக்கூடாது, ஸார். இது பெரிய மனே, பெரிய வீட்டு மரியாதை."

என் கணவர் அதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார். "நீயே வாங்கிட்டியே, இப்ப எப்படி வேண்டாங்கறது?"

அரை மணி நேரம் என் வாய் சொன்னதற்கு மதிப்பில்லை, என் முந்தானையில் விழுந்த வெற்றிலைக்கு மட்டும் எத்தனை மதிப்பு! திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"அம்மா, இந்தத் தாம்பூலம் நீங்க எனக்குக் கொடுத்ததா, காருக்குக் கொடுத்ததா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. வாசலுக்கே வந்து, காரியஸ்தர் காதில் விழும்படி கன்னடத்தில் சொன்னாள். "வீட்டுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். காருக்கு யாராவது தாம்பூலம் கொடுப்பார்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்களே அதில் ஏறுவதில்லை அம்மா" என்றாள்.

வீடு வரைக்கும் என் கணவர் பத்தடி முன்னால் நடந்தார். நான் மல்லிகையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஜூன் மாதம் மெட்ராஸுக்கு ரயிலேறினேன். காரை வேறொருவர் வாங்கி, ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் எஞ்சின் உடைந்து, மாடு கட்டி இழுத்து வந்தார்களாம்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தது இன்னொரு அநியாயம். "ஸ்டார்ட் பண்ணினதுமே கண்டுபிடிச்சிட்டேன், பேரிங் போச்சுன்னு. வேண்டாம்னுட்டேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நாற்பது வருஷம் சொன்னார் மனிதர். நான் காப்பித் தட்டோடு நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். கண்டுபிடித்தது யார் என்று எல்லோர் முன்னாலும் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். விருந்தாளி முன்னால் வேண்டாம், அவர்கள் போகட்டும் என்று தள்ளிப் போட்டே காலம் போய்விட்டது.

அந்தப் பெரிய வீடு இப்போது கல்யாண மண்டபம். கொள்ளேகாலில் அப்பாவின் ஷெட் இருந்த இடத்தில் துணிக்கடை. என் கணவர் போயும் ஏழு வருஷமாகிறது. இப்போதெல்லாம் யாராவது வந்தால் நானே காப்பி கொடுத்து, நானே பேசுகிறேன். குறுக்கே விழுந்து பொய் சொல்ல ஆளில்லை. அந்தப் பொய்யை இன்னும் ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது. இந்தத் தடவை விடமாட்டேன்.