ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக அலுவலர். வீடு அரியலூரில். ஐம்பத்தொன்பதாம் வயதில் மருத்துவத் துறைக்கான நிதியியலும் பொருளாதாரமும் இணையவழியில் படித்தேன் என்றால், அதற்குக் காரணம் அறிவுத்தாகம் என்று நினைப்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை. உண்மைக் காரணம் ஒரு கையெழுத்து.

நோயாளி வீடு திரும்பும்போது அவருடைய இறுதி பில்லில் என் கையெழுத்து இருக்க வேண்டும். அது இல்லாமல் வாசலில் காவலாளி யாரையும் விடமாட்டார். பச்சை மையில் கையெழுத்திடப் பெரிய அரசுப் பதவி வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படியொரு பதவி இருந்ததில்லை. ஆனாலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பச்சை மையில்தான் இடுகிறேன். இதுவரை எவரும் கேட்டதில்லை.

நிறுவனரின் மகள் பொறுப்பேற்றதும் நிலைமை மாறியது. அவரைக் கவுன் போட்ட வயதிலிருந்தே அறிவேன். கூட்டத்தில் என்னை "சார்" என்பார், மற்ற நேரத்தில் "அங்கிள்". அன்று கூட்டம். தரச்சான்று தருவதற்கு ஆய்வுக்குழு வரவிருக்கிறது என்றும், இறுதி பில்லில் கையெழுத்திடுபவர் இந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றும் அறிவித்தார்.

"சாரும் படிக்கட்டும், பில்லிங் மேடமும் படிக்கட்டும். ரெண்டு பேரும் பாஸ் பண்ணிட்டா சீனியர் கையெழுத்து. ஒருத்தர்தான் பாஸ்னா, அவங்க கையெழுத்து."

பில்லிங் பிரிவின் தலைவி லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர். முப்பத்தோரு வயது. கணவர் துபாயில். என்னிடம் மிகுந்த மரியாதை உள்ளவர். அந்த மரியாதைதான் எனக்கு எப்போதும் சந்தேகத்தை உண்டாக்கியது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பேருந்தில் ஒரு மணி நேரம் பாடம் கேட்பேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பதால், நான் பக்திப் பாடல் கேட்பதாக நடத்துனர் நம்பினார். அதை நான் திருத்தவில்லை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்த நாட்களில் இரண்டு பாடங்கள் முடிந்தன. வீட்டிலோ மனைவிக்கு என் படிப்பு பெரும் பொழுதுபோக்காகிவிட்டது.

"என்னங்க, மார்க் வந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. பக்கத்து வூட்டுல கேட்டா, எங்க வூட்டுக்காரருக்கு இப்பத்தான் ஸ்கூல் தொறந்துருக்குன்னு சொல்லிக்கிறேன்."

எம்.காம். முதல் வகுப்பில் தேறியவன் நான் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அது எந்தக் காலம் என்று அவர் எனக்கு நினைவூட்டினார்.

இறுதிக் கட்டுரைக்குத் தரப்பட்ட தலைப்பு எளிமையானது. உங்கள் நிறுவனத்தில் தவிர்க்கக்கூடிய ஒரு செலவைக் கண்டறிந்து விளக்குக. நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பகுதியில் குணமான நோயாளி ராகு காலத்தில் வீட்டுக்குப் புறப்படமாட்டார். மருத்துவர் காலை பத்தரைக்கு அனுமதி கொடுத்தாலும், வெள்ளிக்கிழமையாக இருந்தால் பன்னிரண்டு மணி வரை கட்டிலில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்பார். கீழே இன்னொருவர் வலியோடு படுக்கைக்காகக் காத்திருப்பார். ஒன்றரை மணி நேரம் ஒரு படுக்கை வீண். இதைத்தான் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்கிறார்கள். ஒன்றை ஒருவர் பிடித்து வைத்திருப்பதால் இன்னொருவர் இழப்பது. மக்களின் இந்தப் பழக்கத்தை அறிவியல் நோக்கோடும் சற்றுக் கடுமையோடும் கண்டித்து, பன்னிரண்டு பக்கங்கள் எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது.

கட்டுரையை அனுப்பக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி. வியாழன் மாலையே முடித்துவிட்டேன். ஆனால் அன்று அஷ்டமி. மறுநாள் காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம் என்று நாட்காட்டி சொன்னது. என் அறையில் கணினியைத் திறந்து, கட்டுரையை இணைத்து, கடைசியாக ஒருமுறை வாசித்துக்கொண்டிருந்தபோது நிறுவனரின் மகள் உள்ளே வந்து அமர்ந்தார். லிஃப்ட் பழுது பற்றிப் பேசினார். லிஃப்டுக்குப் பிறகு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பிறகு கேண்டீன் சாம்பார். அவர் முன்னால் மாணவனைப் போலப் பொத்தானை அழுத்துவதை என் தகுதி ஒப்பவில்லை. அவர் எழுந்து போனபோது மணி பத்து முப்பத்திரண்டு.

ராகு காலம் தொடங்கி இரண்டு நிமிடம்.

வாசகர் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் முக்கியமான காரியம் எதையும் தொடங்குவதில்லை, அவ்வளவே. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிகிறது. பன்னிரண்டு மணிக்குத்தான் படிப்பின் இணையதளமும் மூடுகிறது. எனவே சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அழுத்தினால் இரண்டுக்கும் பொருந்தும் என்று கணக்கிட்டேன். பிறகு, வழக்கம்போல, அந்த நேரத்தில் மேற்கொள்ளும் மேற்பார்வைக்குப் புறப்பட்டேன். மருந்தகம், சலவைப் பிரிவு, ஆக்சிஜன் அறை. பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் திரும்பிவந்து கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டேன். முட்கள் இரண்டும் சேர்ந்தன. அழுத்தினேன்.

காலம் முடிந்துவிட்டது என்று திரை அறிவித்தது.

கதவு தட்டப்பட்டது. பில்லிங் தலைவி உள்ளே வந்தார். கையில் ஏழு பில்கள்.

"சார், ராகு காலம் முடிஞ்சிருச்சு. இதுல கையெழுத்துப் போட்டுர்றீங்களா?"

"ராகு காலத்துக்கும் என் கையெழுத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல சார்." பில்களை அடுக்கிவைத்தார். "நீங்க ரவுண்ட்ஸ் போற நேரம்தான் சார் எங்களுக்குக் கணக்கு. திங்கக்கெழம ஏழரைக்கு, அப்ப நீங்க வந்துருக்கவே மாட்டீங்க, தொல்லையில்ல. புதன்கெழம பன்னண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே மூணு விஷயம் சொல்லிக் குடுத்தாங்க. ஸ்டேப்ளர் எங்க இருக்கு, கேண்டீன் எத்தன மணிக்கு, சார் எப்ப ரவுண்ட்ஸ் போவாரு."

எவருக்கும் தெரியாது என்று நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

"ஜனங்கதானம்மா பொறப்பட மாட்டேங்கறாங்க?"

"பாதிப் பேரு அப்படித்தான் சார். மீதிப் பேரு பையைத் தூக்கிட்டு நம்ம கையெழுத்துக்காக உக்காந்துருக்காங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு ஏது சார் ராகு காலம்? அவங்களும்தான உக்காந்துருக்காங்க." சற்றுத் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், என்னோட கட்டுரையே அதுதான். போன வாரமே பிஸ்மில்லா சொல்லி அனுப்பிட்டேன். உங்க பேரு போடல. 'ஓர் அதிகாரி'ன்னு போட்டுருக்கேன்."

ஏழு பில்களிலும் கையெழுத்திட்டேன். கடைசி இரண்டில் பெயரைப் பாதியில் நிறுத்தி மீண்டும் எழுதினேன். மை தீர்ந்துவருகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் உடனே நம்பியதுதான் தாங்க முடியவில்லை.

தாமதமாக அனுப்புவோருக்குத் தளத்தில் ஒரு படிவம் இருந்தது. காரணம் ஏற்கப்பட்டால் பத்து மதிப்பெண் கழித்துக்கொண்டு கட்டுரையைத் திருத்துவார்கள். ஏற்கப்படாவிட்டால் தோல்வி. தோற்றால் கையெழுத்து அவருக்கு. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று முதலில் எழுதினேன். அதற்கு நிறுவனத்தின் இணையப் பொறுப்பாளர் சான்று தர வேண்டுமாம். எங்கள் நிறுவனத்தில் அந்தப் பொறுப்பும் பில்லிங் தலைவியிடம்தான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். "எழுதித் தரேன் சார், படைச்சவன் மன்னிப்பான்" என்றும் சொல்லியிருப்பார். அந்த மன்னிப்பில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுவதை நான் விரும்பவில்லை. எழுதியதை அழித்தேன். எங்கள் பகுதியில் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தீய நேரமாகக் கருதப்படுவதையும், கட்டுரையாசிரியர் அதில் நம்பிக்கையற்றவராயினும் அதைக் கடைப்பிடிப்பவர் என்பதையும், தாமதத்துக்கு அதுவே காரணம் என்பதையும் செம்மையான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கட்டுரையைவிடக் காரணம் வலுவான சான்றாக இருப்பதாகவும், அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் ஏற்பதாகவும் எழுதியிருந்தார்கள். சேர்த்தேன். கழித்தது போக மயிரிழையில் தேறினேன். எத்தனை மதிப்பெண் என்பதை மனைவியிடமே சொல்லவில்லை, உங்களிடம் சொல்வேனா?

ஆனால் கட்டணம் செலுத்தியது நிறுவனம் என்பதால், இருவரின் கட்டுரைகளும், பின்னிணைப்பு உட்பட, நிறுவனரின் மகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் என்னை அழைத்தார். மேசையில் இரண்டும் அருகருகே கிடந்தன. நெடுநேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க அவர் படும் பாட்டைக் கவுன் போட்ட வயதிலேயே கண்டிருக்கிறேன்.

"கையெழுத்து உங்ககிட்டயே இருக்கட்டும், அங்கிள். ஆனா பில் வந்த பத்து நிமிஷத்துல விழணும். எந்த நேரமா இருந்தாலும்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதுக்கு முதல் பில் வந்தது. பூலாம்பாடிப் பெரியவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை நடந்திருந்தது. மருந்தகம் செல்லலாமா என்று கால்கள் கேட்டன. உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டேன். வானம் இடிந்து விழவில்லை என்பதைச் சாளரம் வழியாக உறுதிசெய்துகொண்டு, பில்லை நானே வார்டுக்கு எடுத்துச் சென்றேன். பெரியவர் கட்டிலில் வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பில்லை வாங்கிப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"சந்தோசம் சார். பன்னண்டு மணிக்குக் கெளம்பிர்றோம்."

"இப்பவே போலாங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு."

"ராகு காலம்ல சார்?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?"

பில்லிங் தலைவி வாசலில் நின்றிருந்தார். முகத்தில் அதே மரியாதை. கீழே அவசரப் பிரிவில் ஒரு பெண் படுக்கைக்காகக் காத்திருப்பதாக மெல்லச் சொன்னார். நான் பெரியவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, நீங்க ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுறதுக்குத்தான ராகு காலம் பாக்கணும்? கட்டிலை விட்டு எறங்குறதுக்கு இல்லியே?"

அவர் யோசித்தார். அவர் மனைவியும் யோசித்தார். "அது சரிதான்" என்றார் அந்த அம்மா. "எறங்குறதுக்கு ஒண்ணும் சொல்லல."

"அப்ப வாங்க. என் ரூமுல ஃபேன் இருக்கு."

இரண்டு பைகள், ஒரு ஃபிளாஸ்க், ஒரு சீப்பு வாழைப்பழம், பெரியவர், அவர் மனைவி, மைத்துனர் ஆகியோர் என் அறைக்குக் குடிபெயர்ந்தனர். பதினொன்று ஐந்துக்குப் படுக்கைக்கு உறை மாற்றப்பட்டது. மைத்துனர் என் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவரை எழுப்புவது பண்பாகாது என்பதால், அடுத்த பில்லை நின்றுகொண்டே, ஃபிளாஸ்கைச் சற்று நகர்த்தி, மேசையின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்திட்டேன்.

"என்ன சார், பச்சை மையா?" என்றார் மைத்துனர்.